மணி கோத்த ஒன்றரை மணி நேரத்தை என்னவென்று எழுதுவது?

இந்த முறை வந்திருப்பது ஏழு பக்கக் கடிதம். பெயரும் இடமும் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். அடையாளம் காட்டிவிடக்கூடிய சில விவரங்களை நானும் மாற்றியிருக்கிறேன்.

எழுதியவர் முப்பதுகளில் இருக்கும் பெண். சிறு வயதில் போர் துரத்த, பெற்றோரோடு கனடா வந்து, ஸ்கார்பரோவில் இரண்டு படுக்கையறை வீட்டில் பதினோரு பேரோடு வளர்ந்தவர். சில வருடம் வேறு வேலை பார்த்துவிட்டு இப்போது ஆர்ட் தெரபி, அதாவது கலைச் சிகிச்சை, படிக்கிறார். இரண்டாம் ஆண்டுப் பயிற்சிக்காக வடக்கு ஒன்டாரியோவில், கனடாவின் பூர்வகுடிகளில் ஒருவரான அனிஷினாபே மக்கள் தாங்களே நடத்தும் ஒரு நல மையத்துக்குப் போயிருக்கிறார். 11 முதல் 14 வயது வரை எட்டுப் பிள்ளைகள், வாரம் ஓர் அமர்வு, மொத்தம் பன்னிரண்டு. ஆறு அமர்வு மேற்கத்திய முறை, ஆறு அமர்வு பூர்வகுடி முறை என்று கச்சிதமாகப் பிரித்துத் திட்டம் போட்டுக்கொண்டு போனவருக்கு நான்கு வாரத்துக்குள் தலை சுற்றிவிட்டது.

மூன்றாம் வாரம் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் வீடு வரைந்தான். கதவே இல்லாத வீடு, உள்ளே பதினான்கு பேர். படத்தைப் பார்த்த கல்லூரி மேற்பார்வையாளர், ‘எல்லைகள் குழம்பிய குடும்பம்’ என்று மதிப்பீட்டில் எழுதச் சொன்னார். மையத்தில் கூடவே உட்கார்ந்திருக்கும் மூத்த பெண்மணியைப் பிள்ளைகள் ‘கூக்கும்’ என்று கூப்பிடுகிறார்கள், பாட்டி என்று பொருள். அவர் படத்தை ஒரு முறை பார்த்துவிட்டு, “இது அவன் பாட்டி வீடு. தாத்தா இறந்த அன்று” என்றார்.

நான்காம் வாரம் வாசகி, பூர்வகுடி மரபில் வரும், நான்கு நிறம் தீட்டும் மருந்துச் சக்கரப் படத்தை எட்டு நகல் எடுத்துக்கொண்டு போனார். கூக்கும், “அதை எடுத்து வை. மணி கொண்டு வந்திருக்கிறேன்” என்றார். ஒன்றரை மணி நேரம் எல்லோரும் தலை நிமிராமல் மணி கோத்தார்கள். உணர்வைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. வாசகி மூலையில் குறிப்பேட்டோடு உட்கார்ந்திருந்து, கடைசியில் ‘அமர்வு நடக்கவில்லை’ என்று எழுதிவிட்டு வந்தார். இதற்கு நடுவே, படிப்பின் இறுதி ஆய்வறிக்கைக்குப் பிள்ளைகளின் படங்களைப் புகைப்படம் எடுத்து வரும்படி கல்லூரி கேட்கிறது. கூக்கும் கூடாது என்கிறார்.

அவர் கேள்விகள் இவை. நான் யார் பக்கம் நிற்பது? அமர்வின் தொடக்கத்தில் பூர்வகுடிச் சடங்கில் செய்வதுபோல் நானே சேஜ் இலைப் புகை காட்டலாமா? விஞ்ஞானத்தில் சேராத ஒன்றுக்குத் துணை போனேன் என்று நாளைக்கு எனக்குத் தொழில்பதிவு கிடைக்காமல் போகுமா? பெற்றோர் கையெழுத்துப் போட்ட பிறகு புகைப்படம் கூடாது என்று அவர் எப்படிச் சொல்லலாம்? நாங்களும் ஊரை இழந்தவர்கள்தானே, எனக்குப் புரியும் என்று அந்தப் பிள்ளைகளிடம் சொல்லக் கூடாதா?

அன்புள்ள தோழிக்கு,

முதலில் அந்த ‘அமர்வு நடக்கவில்லை’ என்ற வரியைக் கவனிப்போம். அதை அடித்துவிடாதீர்கள், சிகிச்சைப் பதிவில் எழுதியதை அழிக்கக் கூடாது. கீழே இன்றைய தேதி போட்டு ஒரு திருத்தம் சேருங்கள். என்ன எழுதுவது என்கிறீர்களா? கண்ணால் பார்த்ததை எழுதுங்கள். உங்கள் கடிதத்தின் ஐந்தாம் பக்கத்தில், போகிற போக்கில், ஒரு வரி இருக்கிறது: முதல் மூன்று வாரமும் மேசைக்கு அடியிலேயே உட்கார்ந்திருந்த ஒரு பெண் அன்று மேலே வந்து கூக்குமின் பக்கத்தில் உட்கார்ந்தாள். இந்த ஒரு வரிக்காகச் சில குழுக்களில் பன்னிரண்டு வாரமும் காத்திருந்து எனக்குக் கிடைக்காமல் போயிருக்கிறது. நீங்களோ அது நடந்த அன்றே அமர்வு நடக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள்.

உங்களைக் குறை சொல்லவில்லை. பேச்சு வந்தால்தான் சிகிச்சை என்று நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். படம் வரையச் சொல்லிவிட்டு, அப்புறம் “இதைப் பற்றிச் சொல்” என்று பிள்ளையின் வாயைப் பார்த்துக்கொண்டிருப்போம். மணி கோப்பது வேறு மாதிரி. துணியின் மேல் நான்கு மணியை ஊசியில் எடுத்து, படிய வைத்து, இரண்டு மணி பின்னால் வந்து மறுபடி நுழைத்து இழுக்க வேண்டும். கண் கையில் இருக்கும். பக்கத்தில் இருப்பவரின் முகத்தைப் பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லை. சொல்ல வேண்டியது ஏதாவது இருந்தால் அது ஏழாம் வாரமோ எட்டாம் வாரமோ, நூலைப் பல்லால் கடிக்கும்போது, யாரையும் பார்க்காமல் வரும். வராமலும் போகலாம்.

பாதிப் பாதி என்ற கணக்கு

ஆறும் ஆறும் என்று நீங்கள் பிரித்ததில் நேர்மை இருக்கிறது, அதை மதிக்கிறேன். ஆனால் அந்த ஆறு ‘பூர்வகுடி அமர்வு’களையும் தயாரித்தவர் யார்? நீங்கள். இணையத்திலிருந்து சக்கரப் படம், கைவினைக் கடையிலிருந்து ட்ரீம்கேட்சர் என்ற, கெட்ட கனவைப் பிடிக்கும் வலை கட்டிய வளையம். இரண்டு பாதியும் உங்கள் கையிலேயே இருந்தால் அதில் கலப்பு எங்கே இருக்கிறது?

உங்கள் வகுப்பில் ‘இரு கண் பார்வை’ என்ற சொல்லைக் கேட்டிருப்பீர்கள். கிழக்குக் கனடாவின் கேப் பிரெட்டனைச் சேர்ந்த, மிக்மாக் என்ற பூர்வகுடியின் மூத்தோர் ஆல்பர்ட் மார்ஷலும் மர்டீனா மார்ஷலும் 2004 வாக்கில் பல்கலைக்கழக உலகுக்குச் சொல்லிக் கொடுத்த கருத்து அது. அவர்கள் மொழியில் எட்டுவாப்ட்மும்க். ஒரு கண்ணால் பூர்வகுடி அறிவின் வலுவைப் பார், மறு கண்ணால் மேற்கத்திய அறிவின் வலுவைப் பார், இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்து என்பது சாரம். இதை எல்லோரும் ‘கலவை’ என்று புரிந்துகொள்கிறார்கள். இரண்டு கண்ணும் தனித்தனியாக, சற்றுத் தள்ளி இருப்பதால்தானே நமக்கு ஆழம் தெரிகிறது? உங்கள் மையத்தில் ஒரு கண் கூக்கும், இன்னொன்று நீங்கள். அவருடைய கண்ணையும் சேர்த்து நீங்களே மாட்டிக்கொள்ளப் பார்த்தீர்கள், அவ்வளவுதான் நடந்த தவறு.

மருந்துச் சக்கரத்தை அவர் ஏன் ஒதுக்கினார் என்று எனக்குத் தெரியாது, கேட்டால் சொல்வார். ஆனால் பொதுவாக ஒன்று சொல்லலாம். நான்கு திசை, நான்கு நிறம் என்று அச்சிட்டு வரும் அந்த வட்டம் எல்லாப் பூர்வகுடிகளுக்கும் பொதுச்சொத்து கிடையாது. நிறங்களின் வரிசை மக்களுக்கு மக்கள் மாறும். வடதுருவப் பகுதியின் இனுயிட் மக்களின் மரபில் அது இல்லவே இல்லை. கனடாவில் மட்டும் அறுநூறுக்கும் மேற்பட்ட முதற்குடிச் சமூகங்கள் (ஃபர்ஸ்ட் நேஷன்ஸ்) இருக்கின்றன, கலப்பு வம்சாவளியினரான மெட்டிஸ் மக்களும் இனுயிட் மக்களும் தனி. ட்ரீம்கேட்சர் உண்மையிலேயே அனிஷினாபே மக்களிடமிருந்து வந்ததுதான், ஆனால் இன்று பெட்ரோல் பங்கில்கூடத் தொங்குகிறது. தன் பாட்டியின் பொருளை வெளியாள் ஒருவர் தாளில் அச்சடித்து வந்து ‘இதற்கு வண்ணம் தீட்டு’ என்று கொடுத்தால் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு எப்படி இருக்கும்?

உங்களுக்கு ஆறுதலாக ஒரு கதை. உங்களுக்கு முன்னால் இந்த இரண்டு உலகத்துக்கும் நடுவில் நின்றவர்கள் இருக்கிறார்கள். கலைச் சிகிச்சை என்ற சொல்லை 1942இல் இங்கிலாந்தில் காசநோயிலிருந்து தேறிவந்த ஓவியர் ஏட்ரியன் ஹில் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார் என்று படித்திருப்பீர்கள். கனடாவில் இந்தத் துறையின் முன்னோடிகளில் ஒருவர் செல்வின் டியூட்னி. ஒன்டாரியோ மாநிலத்தின் லண்டன் நகரில், போரிலிருந்து திரும்பிய படைவீரர்கள் இருந்த மருத்துவமனையில் 1940களின் இறுதியில் வேலையைத் தொடங்கினார். அதே மனிதர் 1957 முதல் படகில் ஏரி ஏரியாகப் போய், அனிஷினாபே மக்களின் பாறை ஓவியங்களை நகலெடுத்து ஆவணப்படுத்தினார். சுப்பீரியர் ஏரிக்கரையின் அகாவா பாறையில் செங்காவியில் தீட்டிய, கொம்பும் முதுகில் முட்களும் கொண்ட மிஷிபெஷு என்ற நீர்ச்சிறுத்தையைப் பார்த்திருக்கிறீர்களா? போகும் வழியில் ஒரு நாள் பாருங்கள், தண்ணீர் அமைதியாக இருக்கும் நாளில்.

டியூட்னியின் நண்பர் ஓவியர் நோர்வல் மோரிசோ. தாத்தாவிடம் மரபுக் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர், பூர்வகுடிப் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து வைத்த உறைவிடப் பள்ளியின் கொடுமையையும் பார்த்தவர். அந்தக் கதைகளை அவர் வெளியுலகம் பார்க்கும்படி தீட்டியபோது அவருடைய மக்களிலேயே சிலர் எதிர்த்தார்கள், இது வெளியே காட்டுவதற்கில்லை என்று. அந்த மரபிலேயே பிறந்த ஒருவரையே கேட்ட கேள்வி அது. பயிற்சிக்கு வந்த மாணவியிடம் கூக்கும் அதைவிட மென்மையாகத்தான் நடந்துகொண்டிருக்கிறார்.

பதினான்கு பேர் இருக்கும் வீடு

விஞ்ஞானம் இல்லாததற்குத் துணை போகிறேனோ என்று பயப்படுகிறீர்கள். பயம் நியாயம்தான், திசைதான் மாறியிருக்கிறது. வீடு, மரம், மனிதன் வரையச் சொல்லிப் பிள்ளையின் மனத்தை அளக்கும் சோதனையை ஜான் பக் 1948இல் வெளியிட்டார். குடும்பம் ஏதோ செய்துகொண்டிருப்பதுபோல் வரையச் சொல்லும் முறை 1970இல் பர்ன்ஸ், காஃப்மன் இருவர் கொடுத்தது. கதவு இல்லாவிட்டால் ஒதுங்கிய மனம், கை பெரிதாக இருந்தால் கோபம் என்று ஒவ்வொரு அடையாளத்துக்கும் ஓர் அர்த்தம் ஒட்டும் இந்தப் பழக்கம், ஆய்வுகளில் தொடர்ந்து பலவீனமாகவே தேறியிருக்கிறது. அதாவது, உங்கள் குறிப்பேட்டில் விஞ்ஞானம் மெலிந்திருக்கும் வரி ‘எல்லைகள் குழம்பிய குடும்பம்’ என்பதுதான். ‘தாத்தா இறந்த அன்று பாட்டி வீடு’ என்பது சாட்சியம் உள்ள தகவல்.

நானும் இதே குழியில் விழுந்திருக்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு சிறுமி முழுத்தாளையும் கறுப்பால் மூடினாள். ஓரத்தில் மட்டும் மஞ்சளாக ஒரு புள்ளி. ‘மனச்சோர்வின் அறிகுறி, கவனிக்கவும்’ என்று அழுத்திக் கோடு போட்டு எழுதினேன். அடுத்த வாரம் கூட்டி வந்த அத்தை தாளைப் பார்த்துச் சிரித்தார். மாமாவோடு ராத்திரி உறைந்த ஏரியில் மீன் பிடிக்கப் போயிருக்கிறாள், அந்த மஞ்சள் புள்ளி லாந்தர். அவள் வாழ்க்கையின் மிகச் சந்தோஷமான இரவுகளில் ஒன்று அது. என் குறிப்பு அந்தப் பள்ளியில் எத்தனை கை மாறியதோ.

உங்களிடம் ஒன்று கேட்கட்டுமா? ஸ்கார்பரோவில் பதினோரு பேரோடு இருந்த வீட்டை எட்டு வயதில் நீங்கள் வரைந்திருந்தால் உங்கள் படத்துக்கு என்ன எழுதியிருப்பார்கள்? இதை உங்கள் மேற்பார்வையாளரிடம் சொல்லுங்கள், சண்டையாக இல்லை, அந்தப் பையனைப் பற்றிய கலந்துரையாடலின் ஒரு பகுதியாக. நல்ல மேற்பார்வையாளர் மதிப்பீட்டை மாற்றச் சம்மதிப்பார். சம்மதிக்காவிட்டால், பிள்ளை சொன்னது, மூத்தவர் சொன்னது, மேற்பார்வையாளர் கருதுவது என்று மூன்றையும் தனித்தனியாகப் பதியுங்கள். எது யாருடைய சொல் என்று பின்னால் படிப்பவருக்குத் தெரிய வேண்டும்.

படம் யாருடையது?

பெற்றோர் கையெழுத்துப் போட்டாயிற்று என்கிறீர்கள். எதற்குப் போட்டார்கள்? படிவத்தை எடுத்து மறுபடி படியுங்கள். சிகிச்சைக்குக் கொடுத்த ஒப்புதல் ஆய்வறிக்கைக்குச் செல்லாது. அப்புறம், ஒன்டாரியோவில் சிகிச்சைக்கு ஒப்புதல் தர குறைந்தபட்ச வயது என்று எதுவும் இல்லை. விஷயத்தைப் புரிந்துகொள்ளும் திறன் இருந்தால் பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் சொல்லே செல்லும். ஆகவே அந்தப் பையனிடமே கேட்க வேண்டியிருக்கிறது. படத்தின் பதிப்புரிமையும் வரைந்தவனுக்குத்தான்.

பதிப்புரிமைச் சட்டம் தனி ஒருவரைத்தான் பார்க்கும், ஒரு சமூகத்தின் அறிவைப் பார்க்காது. அந்த ஓட்டையை அடைக்கத்தான் கனடாவின் முதற்குடி மக்கள் 1998இல் நான்கு கொள்கைகளை வகுத்தார்கள்: தங்களைப் பற்றிய தகவலின் உடைமை, கட்டுப்பாடு, அதைப் பார்க்கும் உரிமை, கைவசம். கனடாவின் மத்திய ஆய்வு நிதி அமைப்புகளின் நெறிமுறைக் கொள்கையில் ஒன்பதாம் அத்தியாயம் முழுக்க இதைப் பற்றியதே. முதற்குடி மக்களைப் பற்றிய ஆய்வில் அந்தச் சமூகத்தைத் தொடக்கத்திலிருந்தே ஈடுபடுத்த வேண்டும் என்கிறது. கல்லூரியில் உங்கள் அறிக்கை ஆய்வாகக் கருதப்படுகிறதா, வெறும் வகுப்புப் பணியா என்று நெறிமுறைக் குழுவிடம் எழுத்தில் கேளுங்கள். எதுவானாலும் மையத்தின் அனுமதி இல்லாமல் ஒரு படமும் வெளியே போகக் கூடாது.

கூக்குமின் மறுப்பு வீண் பிடிவாதம் என்று தோன்றினால் அல்பெர்னியில் நடந்ததைத் தெரிந்துகொள்ளுங்கள். வான்கூவர் தீவில் இருந்த அந்த உறைவிடப் பள்ளியில் 1950களின் இறுதியிலும் 60களிலும் ராபர்ட் ஆலர் என்ற ஓவியர் சம்பளம் வாங்காமல் ஓவியம் சொல்லிக் கொடுத்தார். பிள்ளைகள் தங்களுக்குத் தெரிந்ததைத் தீட்ட விட்டார். படங்களை அவரே பத்திரமாக வைத்திருந்தார். அவர் காலமான பிறகு 2009இல் அவை விக்டோரியா பல்கலைக்கழகத்துக்கு வந்தன. அங்கே மானுடவியலாளர் ஆண்ட்ரியா வால்ஷ், பூர்வகுடி மூத்தோருடனும் பள்ளியில் படித்துத் தப்பியவர்களுடனும் சேர்ந்து, வரைந்தவர்களைத் தேடினார். 2013இல் போர்ட் அல்பெர்னியில் சடங்கு முறைப்படி படங்கள் திருப்பித் தரப்பட்டன. பிள்ளையாக வரைந்ததைத் தாத்தா பாட்டி ஆன பிறகு கையில் வாங்கினார்கள்.

அதே 2013இல் மேற்கு ஆஸ்திரேலியாவிலும் இப்படியே ஒன்று நடந்தது. கேரலப் என்ற அரசுக் குடியேற்றத்தில் 1940களில் நூங்கர் பூர்வகுடிப் பிள்ளைகள் வரைந்த நிலக்காட்சிகள் இங்கிலாந்து, அமெரிக்கா என்று சுற்றி, நியூயார்க் மாநிலத்தில் கோல்கேட் பல்கலைக்கழகத்தின் கிடங்கில் பல பத்தாண்டு கிடந்து, கடைசியில் பெர்த்தின் கர்ட்டின் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பின. வரைந்தவர்களில் பலர் அதற்குள் உயிரோடு இல்லை.

ஆலர் வைத்திருக்காவிட்டால் அந்தப் படங்களே இருந்திருக்காது, அதுவும் உண்மை. ஆகவே நான் ‘புகைப்படமே எடுக்காதீர்கள்’ என்று சொல்லப் போவதில்லை. எங்கே இருக்கும், யார் பார்ப்பார்கள், எப்போது திரும்ப வரும் என்று சொல்ல உங்களால் முடியுமா? பிள்ளைகளின் குடும்பங்களில் படம் போய்த் திரும்பி வந்த கதையும் இருக்கும், போய் வராமலே போன கதையும் இருக்கும். பதிவு விதிப்படி நீங்கள் வைத்துக்கொள்ள வேண்டியது சிகிச்சைக் குறிப்புகள். பிள்ளைகள் விஷயத்தில் அவர்களுக்கு 18 வயதான பிறகு குறைந்தது பத்து ஆண்டு. அந்தக் குறிப்பில் படத்தைச் சொற்களால் விவரித்து, மூலத்தைப் பிள்ளையிடமோ மையத்திடமோ விடலாம். ஆய்வறிக்கைக்கும் அந்த விவரிப்பே போதும் என்று கல்லூரியிடம் வாதாடிப் பாருங்கள்.

புகையும் பதிவும்

நீங்களே புகை காட்டலாமா? வேண்டாம். சட்டம் தடுக்கும் என்பதால் சொல்லவில்லை. சேஜ், ஸ்வீட்கிராஸ், சீடர், புகையிலை நான்கும் அனிஷினாபே மக்களுக்கு மருந்து. அதைக் கையில் எடுக்க உரிமை சொல்லிக் கொடுத்தவர் வழியாக வர வேண்டும். 1880களிலிருந்து 1951 வரை பூர்வகுடிகளுக்கான ‘இந்தியர் சட்டம்’ மூலம் கனடிய அரசு பொட்லாட்ச் என்ற மேற்குக் கரை விருந்துச் சடங்கு போன்றவற்றைக் குற்றமாக்கியிருந்தது. இதே மாதிரி செய்ததற்கு ஒரு தலைமுறை தண்டனை அனுபவித்திருக்கிறது. அந்த இடத்தில் பயிற்சி மாணவி பொட்டலத்தைப் பிரித்து வாசம் பிடிக்க வைப்பது பொருந்தாது. கூக்கும் செய்து, உங்களையும் வட்டத்தில் கூப்பிட்டால் போய் நில்லுங்கள். மூச்சிரைப்பு உள்ள பிள்ளை இருக்கிறதா என்று முன்கூட்டிக் கேட்டுவையுங்கள். குடும்பங்களில் சில தீவிரக் கிறிஸ்தவர்களாக இருக்கலாம், வேண்டாம் என்கிற பிள்ளை தயங்காமல் வெளியே நிற்க வழி இருக்க வேண்டும்.

பதிவு போய்விடுமா என்ற பயத்துக்குச் சட்டத்திலேயே பதில் இருக்கிறது. ஒன்டாரியோவில் 2017 டிசம்பர் 30 முதல் உளச்சிகிச்சை கட்டுப்படுத்தப்பட்ட செயல், அதற்கு அதிகாரம் உள்ள தொழிற்குழுக்களில் (தொழிலை ஒழுங்குபடுத்தும் அமைப்புகளில்) ஒன்றில் பதிந்தவர்தான் செய்யலாம். மாணவர் என்ற முறையில், பதிந்தவரின் மேற்பார்வையில் நீங்கள் செய்கிறீர்கள். ஆனால் சுகாதாரத் தொழில்களுக்கான 1991ஆம் ஆண்டுச் சட்டம், தம் மக்களுக்கு மரபுவழிச் சிகிச்சை தரும் பூர்வகுடி மருத்துவர்களுக்குப் பொருந்தாது என்று அதன் 35ஆம் பிரிவே விலக்கு கொடுத்திருக்கிறது. அவர் உங்கள் உதவியாளரும் இல்லை, நீங்கள் அவருக்கு மேலதிகாரியும் இல்லை. உறைவிடப் பள்ளிகளைப் பற்றி விசாரித்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2015இல் வைத்த 94 கோரிக்கைகளில் 22ஆவது, நோயாளி கேட்கும் இடத்தில் பூர்வகுடிச் சிகிச்சை முறைகளை மூத்தோருடன் சேர்ந்து பயன்படுத்துங்கள் என்று மருத்துவத் துறையையே கேட்கிறது. ஆக, அவரோடு உட்கார்வதால் பதிவுக்கு ஆபத்து இல்லை. அவர் செய்ததை உங்கள் ‘சிகிச்சை உத்தி’ என்று குறிப்பில் எழுதினால்தான் சிக்கல். மேளம் அடிப்பதற்கும் மணி கோப்பதற்கும் நரம்பியல் பெயர் சூட்டித் தன் கணக்கில் சேர்த்துக்கொள்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

அதற்காகக் கூக்கும் சொல்வதெல்லாம் வேதவாக்கு என்றும் இல்லை. ஒரு விஷயத்தில் நீங்கள் தனியாகத்தான் நிற்க வேண்டும். 16 வயதுக்குட்பட்ட பிள்ளைக்குத் தீங்கு நடப்பதாக நியாயமான சந்தேகம் வந்தால், ஒன்டாரியோவின் பிள்ளைகள் நலச் சட்டம் 125ஆம் பிரிவின்படி நீங்களே நேராக, உடனே தெரிவிக்க வேண்டும். மேற்பார்வையாளரிடம் சொன்னேன், மூத்தவரிடம் சொன்னேன் என்பது செல்லாது. தவறினால் 5,000 டாலர் வரை அபராதம். இதை ஐந்தாம் வாரமே அவரிடமும் பிள்ளைகளிடமும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். பிள்ளைகளைப் பிரித்துக் கொண்டுபோன அதிகாரிகளின் நினைவு அந்த மக்களுக்குப் பழையது இல்லை. சொல்லாமல் வைத்திருந்து ஒரு நாள் தொலைபேசியை எடுத்தால் மையமே உங்களுக்கு மூடிவிடும்.

ரகசியமும் அப்படியே. சின்ன ஊரில் கூக்கும் உங்கள் குழுவில் இரண்டு பிள்ளைகளுக்குச் சொந்தப் பாட்டியாகவே இருக்கலாம். அவர் முன்னால் சொல்ல முடியாதது ஒரு பிள்ளைக்கு இருக்கும். அவர் யார், என்ன கேட்பார், எதை வெளியே சொல்ல மாட்டார் என்பது ஒப்புதல் படிவத்தில் இருக்கட்டும். உங்களோடு தனியாகப் பேசப் பத்து நிமிடமும் ஒதுக்கி வையுங்கள். இதுதான் உங்கள் கண்ணின் வேலை, நீங்கள் படித்துக்கொண்டு வந்தது இதற்குத்தான்.

‘எங்களுக்கும் தெரியும்’

இந்தக் கேள்வியைக் கடைசிப் பக்கத்தில், சிறிய எழுத்தில் எழுதியிருக்கிறீர்கள். மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் கனமானது என்று நினைக்கிறேன். ஊரை இழந்த வலி உங்களுக்குத் தெரியும், யாரும் அதை மறுக்க முடியாது. ஆனால் அந்தப் பிள்ளைகளின் குடும்பங்கள் ஊரைவிட்டு எங்கும் போகவில்லை. தங்கள் மண்ணில் இருந்தபடியே மொழியும் பிள்ளைகளும் பறிபோனதைப் பார்த்தவர்கள். 1,50,000க்கும் மேற்பட்ட பிள்ளைகள் அந்த உறைவிடப் பள்ளிகளுக்குப் போனார்கள், கடைசிப் பள்ளி மூடியது 1990களில்தான். உங்களுக்குப் புகலிடம் தந்த அரசும் அதை நடத்திய அரசும் ஒன்றே. நாளைக்கு உங்களுக்கு உரிமம் தருவதும் அதே நாட்டின் ஒரு மாநிலச் சட்டம். இதைக் குற்றவுணர்வுக்காகச் சொல்லவில்லை. ‘எனக்குப் புரியும்’ என்று நீங்கள் சொன்னால் பிள்ளைக்கு உங்கள் கதையைக் கேட்டு ஆறுதல் சொல்ல வேண்டிய வேலை வந்துவிடும். அவர்களாகக் கேட்டால் இரண்டு வரியில் சொல்லுங்கள். மீதியைத் தனி மேற்பார்வை நேரத்துக்கோ உங்கள் சொந்த சிகிச்சையாளரிடமோ கொண்டுபோங்கள். பதினான்கு பேர் இருக்கும் அந்த வீட்டுப் படம் உங்களை ஏன் இவ்வளவு உலுக்கியது என்பதையும் அங்கே பேசலாம்.

இன்னும் எட்டு வாரம் இருக்கிறது. கூக்குமிடம் போய்க் கேளுங்கள், மீதிக் காலத்தை எப்படி நடத்தலாம் என்று. கேட்பதற்கு முன் மையத்தில் இருப்பவர்களிடம் முறையைத் தெரிந்துகொள்ளுங்கள். அனிஷினாபே மக்களிடம் அறிவு கேட்டுப் போகும்போது புகையிலை கொடுத்துக் கேட்பது வழக்கம். அவருக்கு மையம் மதிப்பூதியம் தருகிறதா என்றும் விசாரியுங்கள். நீங்கள் பயிற்சி நேரத்தில் சேர்த்துக்கொள்ளும் ஒவ்வொரு மணி நேரமும் அவருடைய நேரமும்தான். உங்கள் களிமண்ணையும் வண்ணத்தையும் மேசையின் ஒரு பக்கத்தில் திறந்தே வையுங்கள். வேண்டிய பிள்ளை எடுக்கும்.

அடுத்த வாரம் குறிப்பேட்டை அலுவலகத்திலேயே வைத்துவிட்டுப் போங்கள், அமர்வு முடிந்து எழுதிக்கொள்ளலாம். மூலையில் உட்கார வேண்டாம், மேசைக்கு வந்து கூக்குமிடம் ஒரு ஊசி கேளுங்கள். 11ஆம் எண் மணிக்கு 10ஆம் எண் ஊசி சரியாகப் போகும், காது ரொம்பச் சின்னது. நூல் கோக்கத் திணறினால் அந்தப் பையன்களில் ஒருவன் பிடுங்கிக் கோத்துத் தருவான்.